கடைசி பெஞ்சில் அமரும் விரிவுரையாளர்: ஒரு கிறித்துவக் கல்வியியல் கல்லூரி குறித்த மதிப்பீடு

ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஏதேனும் ஒரு திங்கட்கிழமை, இறைவணக்க மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பாகவே, எங்கள் பள்ளியின் வேப்பமரத்தடியில் எட்டுப் பத்து இளைஞர்கள் வந்து நிற்பார்கள். பெண்கள் கல்லூரிச் சீருடைப் புடவையிலும் ஆண்கள் புதிதாக வாங்கியது தெரியும் காலணிகளிலும் இருப்பார்கள்; அவர்களுள் ஒருவர் கையில் கல்லூரி முதல்வரின் கடிதமும் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி நகலும் இருக்கும். பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவர்கள், பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்தவர்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தலைமையாசிரியராக இருக்கும் நான், இப்படி மூன்று நான்கு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை ஏற்று, வகுப்பு கொடுத்து, முடிவில் சான்றிட்டு அனுப்பியிருக்கிறேன்.

அக்கல்லூரிகளில் ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்பீடு. காவிரிப் படுகையில் கிறித்துவ நிருவாகத்தின் கீழ் இயங்கும் கல்வியியல் கல்லூரிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று என்பதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அங்கே பணிபுரிகிறவர்கள் நாளையும் என் பள்ளிக்கு வரப்போகிறவர்கள் என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். நான் அக்கல்லூரியில் படித்தவளும் அல்ல, அங்கே கட்டணம் செலுத்தியவளும் அல்ல. ஆனால் புடவையின் சாயம் நிற்குமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட, ஆறு மாதம் கட்டித் துவைத்தவரிடம் கேட்பது மேல் அல்லவா? அந்த வகையில்தான் எழுதுகிறேன். என் அண்ணன் மகள் அங்கேயே இரண்டாண்டு படித்து வெளிவந்ததால், உள்ளே நடப்பதும் ஓரளவு தெரியும்.

முதலில், எது கல்லூரியின் பொறுப்பு, எது அன்று என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகளின் பாடத்திட்டமும் தேர்வும் 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளன. படிப்பின் காலம், பயிற்சி வாரங்கள், ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதிக்கிறது. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015-16 முதல் இரண்டாண்டானதும், பள்ளியில் செலவிட வேண்டிய காலம் முதலாண்டில் நான்கு, இரண்டாமாண்டில் பதினாறு என மொத்தம் 20 வாரங்களாக உயர்ந்ததும் அக்குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால்தான். ஆகவே ‘பாடம் பழையது’, ‘தாள்கள் அதிகம்’ என்ற குறைகளை ஒரு கல்லூரியின் வாசலில் கொண்டுபோய்ப் போடுவது நியாயமாகாது. அந்த 20 வாரங்களை ஒரு கல்லூரி எப்படி நடத்துகிறது என்பது மட்டுமே முழுக்க முழுக்க அதன் சொந்தக் கைவேலை. நான் பார்ப்பதும் அதைத்தான்.

பிற கல்லூரிகளிலிருந்து மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணி வாக்கில் வருவார்கள். என் அறையில் அமர்ந்து தேநீர் அருந்துவார்கள். பயிற்சி மாணவர்களின் பாடக்குறிப்பேடுகள் அங்கேயே வரவழைக்கப்படும். பத்து நிமிடத்தில் எட்டு ஏடுகளில் கையொப்பம் விழும். ‘பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா, மேடம்?’ என்று ஒரு கேள்வி கேட்பார்கள். நானும் ‘இருக்கிறார்கள்’ என்பேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் பேருந்து ஏறிவிடுவார்கள். இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. ஒரே நாளில் நான்கு பள்ளிகளைப் பார்த்துவரச் சொன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய முடியும்.

இந்தக் கல்லூரியின் விரிவுரையாளர்கள் என் அறைக்கு வருவது கடைசியில்தான். நேராக வகுப்புக்குப் போய், கதவருகில் நின்று பயிற்சி மாணவரிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டு, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்துவிடுவார்கள். பாடவேளை முழுவதும், ஒரு நிமிடம் குறையாமல், அங்கேதான் இருப்பார்கள். ஒரு பயிற்சி மாணவருக்கு மூன்று முறையேனும் இப்படி நடக்கும். கையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கும். அந்த நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். பயிற்சி ஆசிரியர் என்ன பேசினார் என்பது அதில் ஏறக்குறைய இல்லை. மூன்றாம் வரிசைச் சிறுமி எந்த நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பினாள், எந்தக் கேள்விக்கு எத்தனை கைகள் உயர்ந்தன, கரும்பலகையில் எழுதியதில் எது கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை, பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளைகள் யார் யார், ஒருமுறைகூட அழைக்கப்படாதவர்கள் யார் என்பவையே பக்கம் பக்கமாக இருந்தன.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இதன் பயன் விளங்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த கணிதப் பயிற்சி மாணவர் ஒருவர், எட்டாம் வகுப்பில் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தார். நல்ல கையெழுத்து, தெளிவான குரல், சூத்திரத்தை எழுதி, இரண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டி, மூன்றாவதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அப்போது ஒரு பையன் எழுந்து, “சார், ஒரு மா எத்தனை சதுர அடி?” என்று கேட்டான். அவன் வீட்டில் அன்று நிலம் அளக்க ஆள் வந்திருந்ததாம். பயிற்சி மாணவர் புன்னகையோடு, “அது நம்ம பாடத்துல இல்லப்பா, உட்காரு” என்று சொல்லிவிட்டு மேலே போனார். பாடக்குறிப்பின்படி பார்த்தால் அன்றைய வகுப்பில் ஒரு குறையும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் இருவரும் வேப்பமரத்தடியில் அமர்ந்ததை என் அறைச் சன்னல் வழியே பார்த்தேன். விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்வி என்று பின்னர் அந்த மாணவரே சொன்னார்: “அந்தத் தம்பி எதுக்காகக் கேட்டான்னு யோசிச்சீங்களா?” வேறு அறிவுரை இல்லை, மதிப்பெண் குறைப்பும் இல்லை.

மறுநாள் அந்த மாணவர் பன்னிரண்டு அடி நீளக் கயிறு ஒன்றுடன் வந்தார். பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், கயிற்றால் நான்கு பக்கமும் அளந்து ஒரு சதுரம் கீறச் செய்தார். அதுதான் ஒரு குழி. 144 சதுர அடி. நூறு குழி கொண்டது ஒரு மா. 14,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று சொல்லி வகுக்கச் சொன்னபோது, ‘மா என்றால் முப்பத்து மூணு சென்ட்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கணக்கு பலகையில் தானாக வந்து நின்றது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதும் எங்கள் ஊர் வழக்குத்தான். மும்மடங்காக்கினால் 43,200, ஏக்கரோ 43,560. மிச்சமுள்ள 360 சதுர அடி எங்கே போயிற்று என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டரைக் குழி என்று இன்னொருத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். ‘அது வரப்புல போயிருக்கும்’ என்று கேள்வியைத் தொடங்கிவைத்த பையன் சொன்னதும் வகுப்பே சிரித்தது. இருபது மா ஒரு வேலி என்பதை அவர்களே பெருக்கி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று கண்டார்கள். அரசுப் பாடநூலில் உள்ள சூத்திரம் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது இறங்கிய நிலம்தான் மாறியிருந்தது. என் இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்புகளில் அது ஒன்று. அதை எடுத்தவருக்கு அப்போது ஆசிரியப் பணி தொடங்கவே இல்லை.

இப்படி எல்லாப் பயிற்சி மாணவர்களும் மலர்ந்துவிடுகிறார்கள் என்று சொன்னால் அது பொய். ஆண்டுக்கு எட்டுப் பேர் வந்தால் இருவர் இந்த உயரத்துக்கு வருகிறார்கள்; நால்வர் பரவாயில்லை; மீதி இருவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்கள். பிற கல்லூரி அணிகளில் அந்த முதல் இருவர் தற்செயலாக அமைவார்கள். இங்கே அவர்கள் உருவாக்கப்படுவதைக் கண்முன் பார்க்கிறேன் என்பதே வேறுபாடு.

இந்தக் கவனிப்புப் பழக்கம் முதலாண்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அண்ணன் மகள் வழியாக அறிந்தேன். நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சியை எல்லாக் கல்லூரிகளும் நடத்த வேண்டும். ஆறு நிமிடம் ஒரு சிறு பாடப் பகுதியை நடத்துவது, ஆறு நிமிடம் குறைநிறை கேட்பது, பன்னிரண்டு நிமிடத்தில் மாற்றி அமைப்பது, மீண்டும் ஆறு நிமிடம் நடத்துவது, மீண்டும் ஆறு நிமிடம் குறைநிறை கேட்பது என ஒரு சுற்றுக்கு 36 நிமிடம் ஆகும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி, இந்தியாவுக்கு ஏற்பச் செலவு குறைந்த வடிவில் மாற்றப்பட்ட முறை இது. பல கல்லூரிகளில் இது ரெக்கார்டு நோட்டில் மட்டுமே நடக்கிறது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். இந்தக் கல்லூரியில் உண்மையாகவே கடிகாரத்தை மேசைமேல் வைத்து நடத்துகிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் சக மாணவி ஒருத்தி, ‘நீ ஆறு நிமிஷத்துல பத்தொன்பது தடவை “புரிஞ்சுதா”ன்னு கேட்டே, ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிக்கல’ என்று சொன்னாளாம். அண்ணன் மகள் அன்று விடுதியில் சாப்பிடவில்லை. ஆனால் இன்று அவள் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்கிறாள். இது சிறிய பாடம் அன்று. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலருக்கும், நான் உட்பட, இது கைவரவில்லை.

கிறித்துவக் கல்லூரி என்பதால் வாசகர்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன் மகளை அங்கே சேர்க்கும்போது வீட்டில் தயக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அங்கே காலையில் கால் மணி நேரம் வழிபாடு உண்டு. பாட்டு, வேத வாசிப்பு, சிறு பேச்சு. அந்தப் பேச்சைப் பயிற்சி மாணவர்கள் முறைவைத்துச் செய்ய வேண்டும். எந்தச் சமயத்தவரும் தமக்குப் பிடித்த நூலிலிருந்து எடுத்துப் பேசலாம். இவள் தேவாரத்திலிருந்தும் கூத்தாநல்லூர் மாணவி ஒருத்தி குர்ஆன் வசனத்திலிருந்தும் பேசியிருக்கிறார்கள். முந்நூறு பேர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பேசும் பழக்கம் அதனால் வந்தது என்பதே அவள் கணக்கில் பெரிய இலாபம். என் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணவர்கள் எவரும் இந்தப் பதினோரு ஆண்டுகளில் வகுப்பில் சமயம் பேசியதில்லை. அவர்களுடைய சமயப் பின்னணி எனக்குத் தெரிந்தது ஒன்றில்தான்: எட்டரை மணி என்றால் எட்டரை மணிக்கு வந்துவிடுவார்கள்.

இந்த மரபுக்கு இந்த மண்ணில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உதவியை நாடி, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்க அதே தரங்கம்பாடியில் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். ஆசிரியப் பயிற்சியைத் தொடங்கியவர் அதற்கு முன் மாணவர் வரிசையில் அமர்ந்திருந்தார் என்ற செய்தியை எண்ணும்போதெல்லாம், அந்த விரிவுரையாளரின் கடைசி பெஞ்சு எனக்கு நினைவுக்கு வருகிறது. இது கல்லூரி வேண்டுமென்றே போற்றிவரும் மரபா, அல்லது ஒரு நல்ல முதல்வர் ஏற்படுத்திவைத்த பழக்கமா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பது என் ஊகம்.

மணலில் எழுதும் அதே காட்சி இன்னொருவர் கண்ணிலும் பட்டது. 1789-இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த சிறுவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் இலண்டனில் எழுதி வெளியிட்டார். அதுவே இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ என்று பரவியது. திண்ணைப் பள்ளியில் இளையவர்களைக் கவனித்துக்கொண்ட மூத்த மாணவனான நம் சட்டாம்பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கல்லூரியின் பயிற்சி மாணவர்கள் ‘சக மாணவர் கற்பித்தல்’ என்று குழுப் பிரித்து நடத்தும்போது, அதன் வேர் தங்கள் தாத்தா படித்த திண்ணையில் இருப்பதை அறியாமலேயே நடத்துகிறார்கள். சீகன்பால்குவின் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கும் ஒரு கல்லூரி, அவருக்கு எழுத்தறிவித்த அந்தத் திண்ணை ஆசிரியரைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுக்கலாம்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், எழுத்து வேலை. பாடக்குறிப்பேடு, உளவியல் சோதனை ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி, கற்பித்தல் துணைக்கருவிப் பதிவேடு, கவனிப்புப் பதிவேடு, சமூகப் பணி அறிக்கை என்று ஒவ்வொருவரும் சுமக்கும் நோட்டுகளின் எடையே பல கிலோ வரும். பல்கலைக்கழகம் கேட்பது ஒரு பங்கு என்றால், கல்லூரி தன் பங்குக்கு அட்டை, அழகு எழுத்து, வண்ணக் கரை என்று இன்னொரு பங்கைக் கூட்டுகிறது. ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் பார்த்தால் எட்டுப் பேரும் தலைகுனிந்து கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் தனியாக நிற்கிறான் என்று பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார். தனியாள் ஆய்வு என்ற பெயரில் எங்கள் பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டில், அவனுக்கு இல்லாத தங்கை ஒருத்தி இருந்தாள். சென்ற ஆண்டு ஏட்டைப் பார்த்து எழுதியதில் வந்த தங்கை. கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும் அதே கல்லூரி, பார்க்காமல் எழுதவும் பழக்கிவிடுகிறது என்பது எனக்கு வருத்தமான முரண். அந்த நோட்டுகளைக் கல்லூரி வளாகக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும், வெளியில் விற்கும் விலையைவிட அங்கே கூடுதல் என்பதும் என் அண்ணனின் மனக்குறை.

இரண்டாவது, ஆறாம் வகுப்பின் உண்மை நிலைக்கு அவர்கள் தயாராக வருவதில்லை. தமிழ்ப் பயிற்சி மாணவி ஒருத்தி செய்யுள் பாடத்துக்கு எழுதிய பாடக்குறிப்பு அச்சிடத் தக்கது. ஆனால் அவள் வகுப்பில் நான்கு பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறவர்கள். அவர்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பாடம் தோற்றுவிட்டதாக எண்ணி அழுதாள். தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவை உறுதிப்படுத்த 2022-23-இல் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயிற்சித் தாள்களை நான்தான் அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாமல் மேல் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு வாசிப்புக் கற்பிப்பது எப்படி என்று ஒரு வாரமாவது கல்லூரியில் பழக்கியிருந்தால் அந்த அழுகை நேர்ந்திருக்காது. பாடத்திட்டத்தில் இல்லை என்று கல்லூரி சொல்லலாம். மா பாடத்தில் இல்லை என்று சொன்ன மாணவரை மரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டவர்களும் அவர்கள்தாமே?

மூன்றாவது, மழை. இரண்டாம் ஆண்டுப் பயிற்சி வாரங்களில் ஒரு பகுதி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும் அந்த நாட்களில், விடிகாலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது டெல்டாவில் புதிதன்று. விடுபட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்ய வேண்டும் என்று ஓராண்டு கல்லூரி எழுதியிருந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை பள்ளி இல்லை. ஆனாலும் அந்த எட்டுப் பேரும் வந்து, காவலரிடம் சாவி வாங்கித் திறந்து, காலி வகுப்பறையில் மாலை வரை அமர்ந்து கையொப்பமிட்டுப் போனார்கள். ஒழுங்குக்கும் ஓர் எல்லை வேண்டும். நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மாணவிகளுக்காவது போக்குவரத்துச் செலவு மிஞ்சியது. இளைஞர்கள் இருவரும் அந்த நாட்களுக்குப் பணம் கொடுத்துத்தான் வந்தார்கள்.

நான்காவது குறை எங்கள் குடும்பத்தைத் தொட்டது. அண்ணன் மகளுக்குச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தான் ஆசை. 2023-இல் சேர்க்கைக்குப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர், ‘பி.எட். முடிச்சா ஒண்ணாம் வகுப்புலேருந்து எதுக்கு வேணும்னாலும் போகலாம்மா’ என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆகஸ்டு 11 அன்றுதான் உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்திருந்தது. அவ்வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்வி பட்டயம் போன்ற படிப்புகளே தகுதி. தீர்ப்பு வந்து சில நாட்களே ஆகியிருந்ததால் அன்று அவர் அறியாமல் சொல்லியிருக்கலாம்; ஆனால் வகுப்பு தொடங்கிய பிறகாவது கல்லூரி மாணவர்களைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இதை இரண்டாம் ஆண்டில், ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) விண்ணப்பத்தைப் படிக்கும்போதுதான் அறிந்தாள். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற படிச்சிருப்பேனே, அத்தை” என்றாள். எனக்கும் பதில் இல்லை. தலைமையாசிரியராக இருந்தும் நானும் அதைக் கேட்டுச் சொல்லவில்லை.

தகுதித் தேர்வுக்கும் அங்கே முறையான பயிற்சி இல்லை. 150 மதிப்பெண் கொண்ட அத்தேர்வின் இரண்டாம் தாளில் தேறாமல் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை வேறாக இருந்து வந்தது. 2014-இல் பிரமாத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தகுதித் தேர்வுக்கு அடிப்படையான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று கூறியது. ‘நம்ம பள்ளிகளுக்கு டெட் வேண்டாம்’ என்ற பேச்சு கல்லூரி வளாகத்தில் அதனால்தான் நிலவுகிறது போலும். ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்ததோடு, சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவைத்தது. இனி அந்தப் பேச்சை நம்பி மாணவர்கள் இருக்கக் கூடாது. கல்லூரியும் அவர்களை அப்படி இருக்கவிடக் கூடாது.

வளாக நேர்காணலைப் பற்றியும் ஒரு சொல். நிருவாகத்தின் சுயநிதிப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்க வந்தவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று அண்ணன் மகள் கேட்டபோது, ‘ஆசிரியர் பணி ஓர் ஊழியம்’ என்று பதில் வந்ததாம். ஊழியத்துக்கும் ஊதியம் உண்டு என்பதை அவர்கள் வேதமே சொல்கிறது என்று அவளோடு நேர்காணலுக்குப் போயிருந்த கிறித்துவத் தோழி வெளியே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நூலகம் போதுமானது. விடுதிச் சாப்பாடு விடுதிச் சாப்பாடுதான். கட்டடம் பழையது, கூடம் காற்றோட்டமானது. கணினி அறையில் வேலை செய்யும் கணினிகளைவிட வேலை செய்யாதவை அதிகம் என்று கேள்வி. இவற்றைக் கொண்டு ஒரு கல்வியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் எழுதவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை கற்பிக்க விரும்புகிறவர், விமர்சனத்தைத் தாங்கும் மனம் உள்ளவர், தகுதித் தேர்வுக்குத் தாமாகவே தயார் செய்துகொள்ளக் கூடியவர் என்றால் இந்தக் கல்லூரியில் தாராளமாகச் சேரலாம். தொடக்க வகுப்புகளே குறிக்கோள் என்றால் இங்கே வர வேண்டாம். பட்டயப் படிப்புக்குச் செல்லுங்கள். காகித வேலையில் சோர்ந்துவிடுகிறவர்கள் இருமுறை யோசிக்கவும். எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டுவதற்கு முன் அதன் மாணவர்கள் பயிற்சிக்குச் செல்லும் பள்ளிகள் எவை என்று கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றுக்கு நேரில் போய், மேற்பார்வைக்கு வருகிறவர் எங்கே அமர்கிறார் என்று அங்குள்ள ஆசிரியரிடம் விசாரியுங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளில் இந்தச் செய்தி இருக்காது.

இந்த ஆண்டு அணி அடுத்த மாதம் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்பது பேர், மூவர் கணிதம். எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சின் ஒரு கால் சென்ற மழையில் ஊறி ஆட்டம் கண்டுவிட்டது. ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.